கங்காணி போன் படித்த மாதம்

மார்ச் 3, திங்கள்
அடுத்த மாதம் முதல் தோட்டத்துப் பெரட்டுக் கணக்கு போனில்தானாம். காலையில் வேலைக்கு வந்தவர்களின் பேரைக் கொப்பியில் எழுதிய காலம் முடிந்தது. போன் பரீட்சையில் தேறாத கங்காணி மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போகணும் என்று எங்களுக்கு மேலே இருக்கும் கண்டாக்கையா யோகேஸ்வரன் சொல்லிவிட்டார். முழங்காலில் தகடு வைத்த நான் அந்தச் சரிவில் எப்படி நிற்பது? வீட்டுக்காரி வீரம்மா சிரிக்கிறாள். “நான் கூப்பிட்டாவே பதறிப்போயி கட் பண்ணிருவீங்க!”

மார்ச் 8, சனி
வகுப்பு, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில். சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகளில் ஐந்து கங்காணிமார் உட்கார்ந்தோம். நான் எழும்பியபோது நாற்காலியும் கூடவே எழும்பியது. ஹட்டனிலிருந்து வந்த கேத்ரின் டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அண்ணே, தொட்டாப் போதும். அட்டையப் புடுங்குற மாதிரி இழுக்காதீங்க” என்றார்.

மார்ச் 13
கடவுச்சொல் மறந்துபோச்சு. மூன்றாம் தடவை.

மார்ச் 22, சனி
தவறாகப் போட்ட பேரை அழிக்கப் படித்தேன். பத்துத் தடவை அதையே செய்தேன்.
“மத்ததையும் படிங்கண்ணே.”
“எனக்கு இதுதான் டீச்சர் அதிகம் தேவைப்படும்.”

மார்ச் 24, திங்கள்
பரீட்சை. பெரட்டுக் களத்தில் ஒரே பனி. கொழுந்து பறிக்கும் அம்மாக்கண்ணு பேரனைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு எப்போதும் பிந்தித்தான் வருவாள். அதனால் அவள் வருமுன்பே பேர் போடுவது என் வழக்கம். இன்றும் கை தானாகப் போட்டுவிட்டது.
“அம்மாக்கண்ணு எங்க?” என்றார் கண்டாக்கையா.
“பொகவந்தலாவ கிளினிக்குக்குப் போயிருக்குங்க” என்று யாரோ சொன்னார்கள்.
போச்சு! கவ்வாத்துக் கத்தி கண்ணுக்குள்ளேயே வந்து நிக்குது. யாரையும் பார்க்கவில்லை. அந்தப் பேரை அழித்தேன்.
கண்டாக்கையா போனை வாங்கிப் பார்த்தார். “மத்த நாலு பேரும் தப்பு வந்தா எங்கிட்ட நீட்டுறாங்க. நீயாவே திருத்திட்டியே. பாஸ்.” போனைத் திருப்பித் தந்து, “வராதவங்களுக்கு இனிப் பேரு போடாத” என்றார்.
அப்பாடா. வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பைத் தேத்தண்ணி குடித்த பிறகுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. எனக்கா பாஸ்?

ஏப்ரல் 1, செவ்வாய்
முதல் நாள் என்பதால் எல்லாரையும் தனித்தனியாகப் படம் எடுத்துப் போனில் ஏற்ற வேண்டும். அவர்களோடு கொழுந்து பறிக்கும் வீரம்மாவின் முறை வந்தது. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முடியை ஒதுக்கினாள்.
“நேராப் பாரு.”
“கொஞ்சம் நல்லா எடுங்க கங்காணி!”
வரிசையே சிரித்தது. கலியாணமாகி இருபத்திரண்டு வருசத்தில் அவளைத் தனியாக நான் ஒரு படம் எடுத்ததில்லை.
இரண்டு எடுத்தேன். ஒன்று தோட்டத்துக் கணக்குக்குப் போனது.