அம்மா படத்தில் இருக்கும் வெளிச்சம்

2025 ஜூலை 5, சனி

விடைத்தாள் திருத்த உட்கார்ந்தவள் ஒரு மணி நேரமாக ஃபோனில் லென்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது மில்லிமீட்டர், கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஒரு லட்சத்துப் பத்தாயிரம். நாற்பத்தெட்டு வயதுக் கணக்கு டீச்சருக்கு இது தேவையா?

வீட்டுக்காரர் பால்ராஜிடம் விலையைச் சொன்னேன். மனுஷனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "செல்ஃப் இல்லாத வண்டிக்கு ரெண்டு பங்கு வெலையா? மிதிச்சு மிதிச்சுக் கெளப்புறதுக்குக் காசு வேற குடுக்கணுமாக்கும்?"

அவர் கேட்பது நியாயம்தான். என்னிடம் இருக்கிற லென்ஸ் தானாகவே கண்ணைத் தேடிப் பிடிக்கிறது. ஆனால் அது பிடிக்கும் எந்த முகத்திலும் அம்மா படத்தில் இருக்கும் வெளிச்சம் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

அந்தப் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அண்ணன் எடுத்தது; பின்னால் அவர் கையெழுத்தில் 'தை, 1999'. அப்போது போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட் லயத்தில், வேலையாட்களுக்கான வரிசை வீட்டில் இருந்தோம். அம்மா ஜீப்பின் பின்பக்கம் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சேலைக்கு மேல் அப்பாவின் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் காய் எடுக்கும் கூடை. யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். துண்டின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்து கன்னம் வரை இறங்குகிறது. பனியா, வெயிலா, சொல்ல முடியாது.

மதுரையில் கேமராக் கடை வைத்திருக்கும் வினோத்குமாருக்கு அதை அனுப்பியிருந்தேன். "இது ஒசந்த கண்ணாடி மேடம். இந்த மாதிரி வேணும்னா வெலை குடுத்துத்தான் ஆகணும்" என்றார். முதலில் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள் என்றும் சொன்னார்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம். அண்ணன் வெள்ளைத்துரைக்கு வயதாக ஆக அம்மாவின் முகம் வந்துவிட்டது. அவரை அந்த வெளிச்சத்தில் எடுத்துவிட வேண்டும்.

எந்த லென்ஸ் என்று அண்ணனையே கேட்கலாம். பக்கத்தில் சிலமலையில்தான் தக்காளி போட்டிருக்கிறார். கேட்க மாட்டேன். ஏன் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 8, செவ்வாய்

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

1998 ஆடி மாதம். லயத்துச் சுவரெல்லாம் ஈரம். அண்ணனுடைய லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. அவரிடம் இருந்தது அந்த ஒரு லென்ஸ்தான், தினமும் அதைத் துடைத்துத் துடைத்து வருத்தப்படுவார். ஏலக்காய் உலர்த்தும் சூட்டறையை ஸ்டோர் என்போம். மழைக்காலத்தில் சேலை, கம்பளி, என் கல்லூரி நோட்டு எல்லாமே அங்கேதான் காயும். அண்ணன் ஊருக்குப் போயிருந்த அன்று லென்ஸையும் கொண்டுபோய், தட்டில் காய்களுக்கு நடுவே வைத்துவிட்டேன். பூஞ்சை செத்துவிடும், அண்ணன் மெச்சுவார் என்று நினைப்பு.

மறுநாள் எடுத்தால் ஃபோகஸ் வளையம் பிடிப்பே இல்லாமல் சுற்றுகிறது. உள்ளே இருந்த எண்ணெய் உருகி, கண்ணாடியில் புகை மாதிரி படிந்திருக்கிறது. துடைத்தால் போகுமா, உள்ளே அல்லவா இருக்கிறது! சத்தம் காட்டாமல் பெட்டியில் வைத்துவிட்டேன். அண்ணன் எதுவும் கேட்கவில்லை. 2001இல் அம்மா போனதும் கேமராவையே விற்றுவிட்டார்.

என்னால்தான். வேறென்ன? இருபத்தேழு வருஷமாக அவர் முன்னால் கேமரா என்ற வார்த்தையையே நான் எடுத்ததில்லை.

ஜூலை 12, சனி

வாடகை லென்ஸ் வந்துவிட்டது. நல்ல கனம். வளையம் எவ்வளவு வழுவழுப்பாகத் திரும்புகிறது! காலை ஆறு மணிக்கு ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போனேன். மலைக்கு வேலைக்குப் போகும் மருதாயி அக்கா சிரித்தபடியே நின்று அலுத்துவிட்டார். "இன்னுமா திருகுறீங்க டீச்சர்? ஜீப்பு கெளம்பிரும், வெரசா எடுங்க!"

கிடைத்தது ஜீப்பின் பின்பலகை. அதுவும் மங்கல்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று கை பழகிவிட்டது. நான் திருகி முடிப்பதற்குள் பெண்கள் காத்திருந்து சலித்து, என்னை மறந்து அவர்களுக்குள் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்போது விழும் முகம்தான் முகம். நகத்தில் ஏறிய காய்க்கறைகூடத் தெரிகிறது. இந்த விலை வீண் என்று இனி நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வெளிச்சம் வரவில்லை. எதிர்வெயிலில் வைத்தும் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக, பளிச்சென்று இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

லென்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வாங்கவும் பயம், விடவும் மனசில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

சிலமலைக்குப் போனேன். கற்பகம் அண்ணி சோறு போட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே லென்ஸைக் கெடுத்ததைச் சொல்லிவிட்டேன். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

அண்ணன் நிமிரக்கூட இல்லை. "தெரியும்டி."

"எப்படிண்ணே?"

"பெட்டியத் தொறந்தா ஏலக்கா வாசம் ஆளத் தூக்குது. லென்ஸு தானா நடந்தா ஸ்டோருக்குப் போச்சு?"

"ஏன்ணே ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா அழுவ. அழுதா சரியாயிருமா?" மோரை ஊற்றிக்கொண்டார். "வேற லென்ஸுக்கு எங்க போறது? அதுலயேதான் எடுத்தேன். ஆத்தா ஜீப்புல இருக்கிற படம் அதுல எடுத்ததுதான். புகையா விழுகும்னு பாத்தா, கழுவி வந்தப்ப ஆத்தா அப்படி வந்திருக்கா."

"அப்புறம் ஏன்ணே கேமராவ வித்தீக?"

"ஆத்தா போயிட்டா. அப்புறம் யார எடுக்க?"

அண்ணி உள்ளே போய் ஒரு தூக்குவாளியைக் கொண்டுவந்து வைத்தார். அதற்குள் துணியில் சுற்றி அந்த லென்ஸ். எண்ணெய் படிந்ததை யாரும் வாங்கவில்லையாம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

லென்ஸ் கெட்டது 98இல், படம் 99இல். இதைக் கூட்டிப் பார்க்க ஒரு கணக்கு டீச்சருக்கு இருபத்தேழு வருஷம்! கெடுத்துவிட்டேன் என்று அழுததும் இதற்குத்தான், ஒரு லட்சம் கொடுத்துத் தேடப் போனதும் இதைத்தான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பழைய லென்ஸை என் கேமராவில் மாட்டுகிற வளையம் வந்துவிட்டது. வினோத்குமார் ஃபோன் செய்தார். "நல்ல லென்ஸுதாங்க, அந்த வெலைக்குத் தகும். நான் தேடுனது உங்க கடையில இல்ல" என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம் முடிந்ததும் சிலமலைக்குப் பஸ்சு ஏறினேன். அண்ணன் தோட்டத்தில் மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்திருந்தார், தலையில் துண்டு. லென்ஸின் வளையம் இன்னும் பிடிப்பில்லாமல்தான் சுற்றுகிறது. ஃபோகஸ் போகிறது, வருகிறது, நழுவுகிறது. அவர் கொஞ்ச நேரம் விறைப்பாக இருந்தார். "இன்னுமா திருகுற? தக்காளி லோடு நிக்குதுடி" என்றார். அதற்குள் அண்ணி என்னவோ கேலி சொல்ல, அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் அவருக்கு அனுப்பினேன். ராத்திரி அவர் குரல் பதிவாக ஒரு வரி வந்தது.

"ஏத்தா, ஆத்தா படத்த எதுக்கு அனுப்பியிருக்க?"