ஒரு கட்டை கீழே

ஆவடி,
18.8.1996

அன்புள்ள லோகாவுக்கு,

உத்தமன் எழுதுவது. உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. நான் சௌக்கியம். குவார்ட்டர்ஸில் தண்ணீர்தான் சௌக்கியமாக இல்லை, ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. மஸ்கட் வெயிலில் தலைவலி வருகிறது என்று எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நர்ஸுக்கு நான் வைத்தியம் சொல்லக் கூடாது, ஆனாலும் வேளாவேளைக்குச் சாப்பிடு.

நூம்பல் மனையில் நம் வீடு லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. போன ஞாயிறு போய்ப் பார்த்தேன். சமையலறை ஜன்னலை நீ சொன்ன இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். மேஸ்திரி அய்யாசாமி, ஊட்டுக்கார அம்மா எப்போ வர்றாங்கோ என்று கேட்டார். வந்துவிடுவாள் என்றேன். எந்த மாசம் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை, நல்ல மனுஷர்.

இனி நீ கேட்ட விஷயம். அங்கே ஒரு கடையில் பேஸ் கிடார் கம்பி பார்த்ததாகவும், பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு வேறு எண் இருப்பதாகவும், எதை வாங்கி பால்ராஜிடம் கொடுத்தனுப்புவது என்றும் கேட்டிருக்கிறாய். பக்கத்து பிளாக் பால்ராஜ் அடுத்த மாசம் லீவில் வருவதாக அவன் வீட்டிலும் சொன்னார்கள். கம்பியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில், கான்ட்ராக்டை இன்னும் இரண்டு வருஷம் நீட்டச் சொல்கிறார்கள், என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று ஒரே ஒரு வரி போட்டிருக்கிறாய். நீ இரண்டையும் வேறு வேறு கேள்வி என்று நினைக்கிறாய். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில், கம்பி எனக்குக் கட்டாயம் வேண்டும். இருப்பது நீ போவதற்கு முன் மாட்டியது. சத்தம் செத்துவிட்டது. கழற்றி வெந்நீரில் வேகவைத்தால் அழுக்குப் போய் கொஞ்ச நாளைக்குத் தெளிவாகப் பேசும். அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உன் இட்லிப் பானையில்தான் வேகவைத்தேன். திட்டாதே, புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டேன்.

எண் என்பது கம்பியின் தடிமன். ஃபாக்டரியில் எங்கள் ஷாப்பில் தவ் என்போம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஐந்து கம்பி செட்டில், 40இல் தொடங்கி 125இல் முடிவது மெல்லியது. 50இல் தொடங்கி 135இல் முடிவது கனமானது. நடுவில் 45, 130 என்று ஒன்று இருக்கும், அது வேண்டாம், எனக்கு அரைகுறை ஒத்துவராது. மெல்லிய கம்பியை முழுச் சுருதிக்கு ஏற்றினால் விரலுக்குச் சுகம். அதையே சுருதி இறக்கினால் தொளதொளவென்று ஆடிக் கரகரக்கும். இறக்கி வாசிக்கக் கனமான கம்பிதான் சரி. ஆனால் கனமானதை முழுச் சுருதிக்கு இழுத்தால் கிடாரின் கழுத்து வளையப் பார்க்கும்.

நம் கச்சேரிக் குழுவில் நீ பாடியபோது எல்லாப் பாட்டையும் உனக்காக ஒரு கட்டை கீழே இறக்கித்தான் வாசித்தோம். உன் குரல் அப்படி. பொம்பளைக் குரலா இது என்று முணுமுணுத்தவர்கள்கூட நீ முடித்ததும் கைதட்டினார்கள். கீபோர்டு ஜானகிராமனுக்கு என்ன, ஒரு பட்டனை அழுத்தினால் சுருதி இறங்கிவிடும். நான்தான் ஐந்து கம்பியையும் இறக்கி, அதற்குத் தோதாகக் கனமான செட் மாட்டினேன்.

இப்போது பாடுகிற நாகவல்லி முத்தாபுதுப்பேட்டைப் பெண். ரெக்கார்டில் இருக்கிற அதே சுருதியில் பாடுகிறாள். நீ போன பிறகு குழுவில் எல்லோரும் மேலே ஏறிவிட்டார்கள். நான் ஏற்றவில்லை. கம்பி இன்னும் உன் சுருதியில் இருக்கிறது. மனசுக்குள் கணக்குப் போட்டு ஒவ்வொரு பாட்டையும் கிடார் கழுத்தில் இரண்டு கட்டம் மேலே தள்ளிப் பிடித்து வாசிக்கிறேன்.

ஆடி மாசக் கச்சேரியில் மானம் போனது. பொன்னியம்மன் கோயிலில், நீ எப்போதும் முதலில் பாடுகிற பாட்டை நாகவல்லி எடுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கை பழைய இடத்துக்குப் போய்விட்டது. பல்லவி முழுக்க அவர்கள் மேலே, நான் ஒரு கட்டை கீழே. அந்தப் பெண் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஜானகிராமன் எதிரில் மைக் இருப்பதை மறந்து, இன்னா உத்தமா, நாங்கல்லாம் இங்க கீறோம், நீ எங்க கீறே என்று கேட்க, கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். மஸ்கட்டில் என்று சொல்லியிருக்கலாம்.

பிறகு ஜானகிராமன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கம்பிய மாத்திக்கோ, இல்லாங்காட்டி கொரட்டூர்க்காரன் ஒருத்தன் பேஸ் வெச்சிகினு காத்துனு கீறான் என்றான். அவன் மேல் தப்பில்லை.

ஏன் ஏற்றவில்லை என்றால், ஏற்றிவிட்டால் நீ வரமாட்டாய் என்று ஒரு பயம். கிறுக்குத்தனம்தான். ஷிப்ட் முடிந்து வந்து ஒரு கம்பியைச் சும்மா தட்டினால் நீ பாட்டு எடுக்கிற இடம் கேட்கிறது. அதற்கப்புறம்தான் சமைக்கத் தோன்றுகிறது. நீ இல்லாமல் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது லோகா. இதுவரை எந்தக் கடிதத்திலும் இதை எழுதவில்லை, நீ அங்கே தனியாக அழுவாயே என்றுதான்.

வருவதாக இருந்தால் 50 வாங்கு. இன்னும் இரண்டு வருஷம் இருப்பதுதான் சரி என்று பட்டால் 40 வாங்கு. மாட்டிக்கொண்டு எல்லோரோடும் சேர்ந்து வாசிக்கிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். வீட்டுக்குக் கூரை போட வேண்டும், எனக்கும் தெரியும். எதுவானாலும் பாக்கெட்டில் ஐந்து கம்பி இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. நாலு கம்பி பாக்கெட்டும் பக்கத்திலேயே தொங்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மன் உனக்குத் துணை இருப்பாள். 50 என்றால் பால்ராஜிடம் கொடுத்துவிடு, நீ வருவதற்குள் மாட்டி, சுருதி இறக்கி வைத்திருக்கிறேன். 40 என்றால் அவனிடம் கொடுக்காதே. பத்து நாள் லீவு கேட்டு, நீயே கொண்டுவந்து என் கையில் கொடு.

என்றும் உன்,
உத்தமன்