சேற்றுக்குள் ஒரு வீடு

குகட்பள்ளி, ஹைதராபாத்
தை, 2006

புழுக்களுக்கெல்லாம் எமனான என் வீட்டுக்காரருக்கு அன்னம்மாள் கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். நீங்கள் பழவேற்காட்டில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை டீயிலேயே நீந்துகிறீர்களா? போனில் பேசினால் நம் கிரி பக்கத்திலேயே நிற்கிறான். அதனால்தான் கடிதம். நீங்களே எழுத்துக் கூட்டிப் படியுங்கள், டீக்கடையில் கொடுத்துவிடாதீர்கள்.

பிள்ளை வாங்கியிருக்கும் வீடு நாலாவது மாடி. பார்க்கப் போனபோது லிஃப்டில் கண்ணை மூடிக்கொண்டேன். மருமகள் ரோகிணி கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண்.

போன ஞாயிறு சம்பந்தி ரகுநாதன் குடும்பத்தோடு சாப்பிட வந்தார். இறால் வறுத்திருந்தேன். உங்க வீட்டுக்காரர் என்ன ஏற்றுமதி பண்றார் என்று கேட்டார். கிரி அப்படிச் சொல்லி வைத்திருக்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? சேத்துலேருந்து வாளிக்கு ஏத்துவாரு, அதான் ஏத்துமதின்னேன். அதோடு நிறுத்தினேனா? புழு தன் பிசினால் மணலையும் சிப்பித்தூளையும் ஒட்டிக் குழாய்போல வீடு கட்டுவது, தண்ணீர் வடிந்ததும் அதன் நுனி பார்த்து நீங்கள் தோண்டுவது, குஞ்சுப் பண்ணையில் தாய் இறாலுக்கு அதுதான் தீனி என்பது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சம்பந்தியம்மா வாயிலிருந்த இறாலை மெல்லவுமில்லை, துப்பவுமில்லை. நான் ஒருத்திதான் சிரித்தேன்.

அன்றிலிருந்து கிரி என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நேற்று ரோகிணியிடம், இனிமே அப்பாவை எப்படிக் கூப்பிடறது, வர வேணாம்னு சொல்லிடறேன் என்றது சமையலறை வரை கேட்டது. நக்கோ கிரி, அப்படிச் சொல்லாதே, மாமா வரட்டும் என்றாள் அவள். அவன் கதவைச் சாத்தும் சத்தம்தான் கேட்டது.

தை கடைசி வெள்ளி பால் காய்ச்சுகிறோம். அதற்கென்று புதுவேட்டி எடுத்துவிட்டதாகச் சொன்னீர்களே.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அவன் போன் செய்வதற்குள் நீங்களே பூத்திலிருந்து கூப்பிட்டு, புழு நிறைய வருது, இப்ப வரமுடியாது என்று சொல்லிவிடுங்கள். வர வேண்டாம் என்ற சொல் அவன் வாயால் வரக்கூடாது. வெடுக்கென்று இழுத்தால் புழு அறுந்து பாதி கூட்டிலேயே நின்றுவிடும் என்பீர்களே, இதுவும் அப்படித்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மட்டும் சேற்றில் இறங்காதீர்கள். குளித்து, புதுவேட்டி கட்டி, நம் அடுப்பில் கொஞ்சம் பால் வையுங்கள். பொங்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். நானும் இங்கே நிற்பேன்.

உங்கள் வாயாடி,
அன்னம்மாள்