நான்கு விடைகளை உள்ளங்கையால் மூடியவள்

இன்று காலை செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில், என் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்களுக்கான வரலாற்று வினாத்தாளை நகலெடுக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். சூடாக வந்த தாள்களைக் கடைக்காரர் தட்டி அடுக்கிக் கையில் கொடுத்தார். அந்த மை வாசனை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. நாம் படித்தபோதும் வெள்ளிக்கிழமைதோறும் வரலாற்று சார் இப்படித்தான் சூடான தாள்களைக் கொண்டு வருவார். நீ வாங்கியவுடன் முகர்ந்து பார்ப்பாய். நான் வாங்கியவுடன் பின்பக்கம் திருப்பிப் பெரிய கேள்விகளைத் தேடுவேன்.

எனக்குப் பெரிய கேள்விகளில் பயமே இருந்ததில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குக் காரணம் என்னவென்று கேட்டால் கூடுதல் தாள் வாங்கி எழுதுவேன். ஒரு மார்க் கேள்விகளில்தான் பாதிக்குப் பாதி போய்விடும். "கட்டுரைன்னா மழையா கொட்டுற, ஒரு டிக் போடச் சொன்னா தடுமாறுறியேம்மா" என்பார் சார். வகுப்பே சிரிக்கும், நீயும் சிரிப்பாய். ஆனால் வீட்டில் அது சிரிக்கிற விஷயமாக இல்லை. "மார்க்கு வந்தா காலேஜு. வரலன்னா கம்பெனி பஸ்ஸு தெருமுனையிலயே வந்து நிக்குது, ஏறிக்கோ" என்று நைனா சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்குக் கடலைக்காய் பறிக்கணும் என்பதுபோலச் சொன்னார், அதனால்தான் பயமாக இருந்தது. கம்பெனிக்குப் போகிறவர்களை நான் குறைவாக நினைக்கவில்லை. எனக்கு வரலாறு படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கர்நாடகப் போர்கள் பாடத்துக்கு வைத்த டெஸ்டை நீ மறந்திருக்க மாட்டாய். இரண்டாம் கர்நாடகப் போரில் ராபர்ட் கிளைவ் கைப்பற்றிய நகரம் எது என்று கேள்வி. செஞ்சி, வந்தவாசி, ஆம்பூர், ஆற்காடு என்று நான்கு விடைகள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் செஞ்சிக்கு டிக் போட்டிருந்தோம். ஜன்னலைத் திறந்தால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரிகிற வகுப்பறையில் வேறு எதற்குப் போடுவது? சார் தலையில் கைவைத்துக்கொண்டார். "நம்ம ஊர் பேரு தெரிஞ்சா போதும், ஓட்டு போடுற மாதிரி போட்டுடுவீங்களா?" என்றார். ஆற்காட்டுக்குப் போட்டவள் நீ. ஊர்த் துரோகியைப் பார்ப்பதுபோல நாங்கள் எல்லாம் உன்னைப் பார்த்தோம்.

அன்று சாயந்திரம் உன்னிடம் வந்து கேட்டேன். நீ வராந்தாவில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாய். உங்கள் வீட்டில் சமண வழக்கப்படி பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டீர்கள். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து மேல்சித்தாமூர் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும் என்பதால், ராத்திரிச் சாப்பாட்டையும் உங்கள் அம்மா காலையிலேயே கட்டிக் கொடுத்துவிடுவார். நாங்கள் எல்லாம் முறுக்கு கடிக்கும் நேரத்தில் நீ ஒழுங்காகப் புளிச்சோறு சாப்பிடுவாய். "பொழுது இருக்கறப்பவே முடிச்சிடணும்டி" என்று சொல்லிக்கொண்டே இடது கையால் என் வினாத்தாளை இழுத்தாய்.

விடைகள் நான்கையும் உள்ளங்கையால் மூடினாய். "இப்ப கேள்விய மட்டும் படி. உனக்கு இன்னா தோணுது, சொல்லு."

"விடையப் பாக்காம எப்டிடி சொல்றது?"

"அதப் பாத்துதான நீ கெட்டுப்போற. எல்லாமே சரி மாதிரி இருக்குதுன்னு நாலு பேர்கிட்டயும் பேச்சுவார்த்தை நடத்துற."

உண்மைதான். ஒவ்வொரு விடையோடும் நான் வாதாடிக்கொண்டிருந்தேன். அது ஏன் சரியாக இருக்கக்கூடும் என்று நானே அதற்கு வக்கீலாகிவிடுவேன். அதோடு நீ விடவில்லை. தப்பான மூன்று விடைகளுக்கும் கேள்வி கண்டுபிடிக்கச் சொன்னாய். செஞ்சி, அந்தப் போரில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த கோட்டை. ஆம்பூர், நவாப் அன்வாருதீன் விழுந்த இடம். வந்தவாசி, மூன்றாம் போரில் பிரெஞ்சுக்காரர்கள் தோற்ற இடம். ஒரு கேள்வியில் தப்பு செய்து நான்கு கேள்வி கற்றுக்கொண்டேன்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த வாரம் முன்னைவிடக் குறைந்தது. கையால் மூடி மூடி யோசித்ததில் நேரம் போய், கடைசிக் கேள்விகளை விட்டுவிட்டேன். "உன் பேச்சைக் கேட்டு உள்ளதும் போச்சு" என்று தாளை உன்மேல் எறிந்தேன். நீ சோற்றுப் பருக்கையைத் தாளிலிருந்து தட்டிவிட்டு, "போட்டதுல எத்தினி தப்புன்னு பாத்தியா?" என்றாய். பார்த்தேன். போட்டது எல்லாம் சரி. மன்னிப்பு கேட்கக் கூச்சமாக இருந்ததால் உன் பாக்ஸிலிருந்து அப்பளத்தை எடுத்துத் தின்றேன்.

பொதுத்தேர்வில் நடந்ததை உன்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன், இன்னொரு முறை கேள். நான் விடைகளை மூடிக்கொண்டு யோசிப்பதைப் பார்த்துக் கண்காணிப்பாளர் வந்து நின்றார். "கையில இன்னாம்மா? விரிச்சிக் காட்டு" என்றார். காட்டினேன். வியர்வைதான் இருந்தது. அவர் நம்பாமல் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார். ரிசல்ட் வந்த அன்று நைனா மார்க்கைப் பார்த்துவிட்டு, "பஸ் பாஸுக்கு போட்டோ எடுத்துக்கோ" என்றார். திண்டிவனம் காலேஜுக்குப் போகும் பஸ். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே அழுதாள்.

என்னைவிட அதிகம் வாங்கியவள் நீ. இருந்தும், கடலைக்காய் மண்டியில் உன் அப்பாவோடு போய் உட்கார்ந்தாய். காலேஜுக்குப் போகக்கூடாதென்று யாரும் உன்னைத் தடுக்கவில்லை, உனக்கு வியாபாரம் பிடித்திருந்தது. நான்தான் அதை நம்பாமல் பல வருடம் உனக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

போன மழைக்காலத்தில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொல்லி வைத்தியமெல்லாம் முடிந்திருந்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாய். "உன் புள்ளைங்க ஒரு மார்க்குல எப்டி?" என்று கேட்டாய். நீ சொன்னதைத்தான் சொல்லித் தருகிறேன் என்றேன்.

"என் பேரைச் சொல்றியா?"

"ஏன் சொல்லணும்? டீச்சர் மூளைன்னு நெனச்சிக்கட்டும்."

"திருடி" என்றாய். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் உன் தம்பி போன் செய்தான்.

இன்று முதல் பீரியடில் தாள்களைக் கொடுத்தேன். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி விடைகளைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தாள். அவள் தாளின்மேல் என் கையை வைத்து மூடிவிட்டு, இதைக் கண்டுபிடித்தது நானில்லை என்று சொல்லி, உன் பேரைச் சொன்னேன். வகுப்பில் உன் பேரைச் சொல்வது அதுதான் முதல் தடவை.

"யாரு மிஸ் அவங்க?"

"என்கூடப் படிச்சவ. அவ இல்லன்னா நான் இங்க வந்து நின்னிருக்க மாட்டேன்."

"இப்ப எங்க மிஸ் இருக்காங்க?"

ஒரே ஒரு பதில்தான் இருந்தது. "கேள்வியப் படிம்மா" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ இருந்திருக்கலாம்டி.