கழற்றிய செருப்பு எங்கே போனது

கார்த்திகை 4, வியாழன்

விடியலிலிருந்து தூறல். துணி காயவில்லை, எல்லாம் ஃபேனுக்குக் கீழே. முட்டு வலி சுமார்.

இன்று ஒரு பைத்தியக்காரத்தனம் தொடங்கியிருக்கிறேன். கேமுக்கு பிளக்இன் எழுதப் படிக்கிறேன். இந்த நோட்டு அக்கா கையில் கிடைத்தால் அவ்வளவுதான். வேலைக்கு என்று மகள் அனுவைத் திருவனந்தபுரத்துக்கு, என் ஸ்ரீவராகம் வீட்டுக்கு அனுப்பினால், சித்திக்காரி அவளோடு உட்கார்ந்து கேம் பார்க்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்வாள்.

காரணம் கோயில். அனு ஆபீஸ் வேலை முடிந்ததும் தான் நடத்துகிற கேம் சர்வரைத் திறந்து உட்காருவாள். கட்டை கட்டையாக அடுக்கி வீடு, ரோடு, வயல் எல்லாம் கட்டுகிற கேம். காலேஜில் படிக்கும்போது அவளும் பாறசாலை ஷீபாவும் சேர்ந்து தொடங்கியது. இப்போது எழுபது எண்பது பேர் வருகிறார்கள், தமிழும் மலையாளமுமாக. நடுவில் ஒரு சிவன் கோயில். நந்தி, கொடிமரம், குளம். ஷீபா வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிறவள், ஆனால் குளத்துப் படி முழுக்க அவள் அடுக்கியது. முதல் தடவை பார்த்தபோது என்னை அறியாமல் கும்பிட்டேன்.

நேற்று ஒருத்தன் பூட்ஸ் காலோடு நந்தி மேல் ஏறிக் குதிக்கிறான். வயிறு எரிந்துவிட்டது.

"அனு, அவனை எறங்கச் சொல்லு."

"சித்தி, அது கேமாக்கும்."

"கேம்னா சாமி இல்லாம போயிருமா? செருப்பையாவது கழத்திட்டு வரட்டும்."

"அதுக்கு ஒரு பிளக்இன் எழுதணும். அடுத்த மாசம் பாக்கலாம்."

"நான் எழுதுகேன்."

அவள் சிரித்த சிரிப்பு. "சித்தி பிளக்இன் எழுதுன அன்னைக்கு நான் சாம்பார் வைக்கேன்." அவளுக்கு வெந்நீர் வைக்கவே வராது.

கார்த்திகை 6, சனி

மழை விட்டது. வெயில் இல்லை.

மதியம் அனு தூங்கும்போது ஷீபாவைக் கூப்பிட்டேன். பாவம், படுக்கையில் கிடக்கும் மாமியார், இரண்டு பிள்ளைகள், மாப்பிள்ளை கல்ஃபில். ஆனாலும் முகம் சுளிக்காமல் சொல்லித் தருகிறாள். பிளக்இன் என்றால் இவ்வளவுதானாம்: கேமில் யார் நடந்தாலும், எதைத் தொட்டாலும் மிஷினுக்கு ஒரு தகவல் போகும். அந்தத் தகவல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நாம் எழுதி வைக்க வேண்டும். சமையலுக்கு ஆள் வைத்தால் சொல்லிக்கொடுப்போமே, அது மாதிரி. அந்த ஆளுக்கு சொந்தப் புத்தி கிடையாது என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் எழுதியதை அனுப்பினேன். சிவப்பு சிவப்பாக எர்ரர்.

"ஆன்ட்டி, முதல் வரியில என்னமோ கெடக்கே."

"பிள்ளையார் சுழி."

"அதுக்கு முன்னால ரெண்டு சாய்வுக்கோடு போடுங்க. பின்னே மிஷின் அதைப் பாக்காது."

"பிள்ளையார் பாப்பாரா?"

"அவரு பாப்பாரு. மிஷின்தான் பாக்காது."

தெரிந்துகொண்டது:
வரி முடிந்தால் அரைப்புள்ளி.
அடைப்பு திறந்தால் மூட வேண்டும். மூட மறந்தது, இன்று மட்டும் ஒன்பது தடவை.
பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் ஏற்காது. எட்டாம் வகுப்பு சார் கூட இவ்வளவு கண்டிப்பு இல்லை.

வாங்க: உளுந்து, பெருங்காயம், கண்ணாடிக்கு ஸ்க்ரூ.

கார்த்திகை 12, வெள்ளி

காலை பத்மநாப சுவாமி நடையில் நல்ல கூட்டம். ஐயப்ப சாமிமார்.

ஒரு வாரமாக தினம் மதியம் பாடம். இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடி அடிக்கிறேன். கோயிலுக்கு நான்கு மூலை எண் எடுத்து எழுதியாயிற்று. அதற்குள் யார் கால் வைத்தாலும் மிஷின் பிடித்துவிடும்.

இன்று ஷீபாவிடம் கேட்டேன், காலில் இருக்கிறதை எடுக்க எப்படி என்று.

"அங்க 'ஒண்ணும் இல்ல'ன்னு வச்சா போதும். ஆனா எடுத்ததை எங்க வைக்கணும்னும் எழுதணும் கேட்டீங்களா, அது கொஞ்சம் பாடு." அதற்குள் மாமியார் கூப்பிடுகிற சத்தம். "ஆன்ட்டி, நாளைக்குச் சொல்லுகேன். ஆமா, எதுக்கு எழுதுறீங்க?"

"சும்மா, படிக்கதுக்கு."

சின்னப் பொய். அனுவுக்குத் தெரியாமல் திருக்கார்த்திகைக்குச் செய்து காட்ட வேண்டும் என்று ஆசை. கேமில் அன்று விளக்குத் திருவிழா. எல்லோரும் கோயிலுக்கு வருவார்கள்.

கார்த்திகை 16, செவ்வாய்

மூன்று நாளாக ஷீபா ஃபோன் எடுக்கவில்லை. மாமியார் ஆஸ்பத்திரியில். திருவிழாவை வேறு நாள் வைக்கலாமே என்று அனுவிடம் கேட்டாளாம், அனு முடியாது என்றாளாம், இரண்டு பேருக்கும் முட்டல். எனக்கோ நாளை திருக்கார்த்திகை. காத்திருக்க முடியவில்லை.

அனு பழகிப் பார்க்க என்று வைத்திருக்கும் தனி இடத்தில் போட்டுப் பார்த்தேன். என் பொம்மைக்கு தோல் பூட்ஸ் மாட்டி வாசல் தாண்டினேன். காலில் ஒன்றும் இல்லை. 'செருப்பில்லாமல் வந்ததற்கு நன்றி' என்று நான் எழுதிய வரியும் வந்தது. கண் நிறைந்துவிட்டது.

எழுதியவர் பெயர் போட ஒரு இடம் உண்டு. என் பெயரைப் போடக் கை வரவில்லை. பிள்ளையார் பெயரையே, பழவங்காடி கணபதி என்று போட்டேன்.

அனு ஆபீஸ் தோழியை வண்டி ஏற்ற தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தாள். ராகு காலம் நாலரைக்கு முடிந்தது. நாலே முக்காலுக்கு அவள் மிஷினிலிருந்து நிஜ சர்வரில் கொண்டு வைத்தேன். விடியற்காலை சர்வர் தானாக நின்று எழும்பும். அப்போது இதுவும் எழும்பும்.

கார்த்திகை 17, புதன். திருக்கார்த்திகை

வாசலில் இருபத்தேழு விளக்கு. காற்றில் நான்கு அணைந்தது. பொரியுருண்டை பாகு பதம் சரி.

என்ன எழுத.

ஆறரைக்கு அனு கேமைத் திறந்தாள். ஐம்பது பேருக்கு மேல் வாசலில். ஒவ்வொருத்தராக உள்ளே. ஒருத்தர் காலிலும் பூட்ஸ் இல்லை. நான் பொரியுருண்டைத் தட்டோடு அவள் பின்னால் நின்றேன். சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தேன்.

அப்போது மைக்கில் ஒரு பையன்: "அனு சேச்சி, என் பூட்ஸ் எங்கே?" பின்னால் இன்னொருத்தன். பின்னால் எல்லோரும். ஒருத்தி அழுகிற மாதிரி. எட்டு மாசம் தோண்டி, சேர்த்துச் செய்த பூட்ஸாம். பையில் இல்லை, தரையில் இல்லை, எங்கேயும் இல்லை. அவ்வளவு பேருடையதும்.

அனு தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். "இதைப் பாருங்க சித்தி. எழுதுனது பழவங்காடி கணபதியாம். கிண்டலைப் பாத்தீங்களா."

"யாரா இருக்கும்?"

நான்தான் கேட்டேன். என் வாய்தான்.

"சர்வருக்குள்ள கை வைக்க சாவி ரெண்டு பேருட்டதான் உண்டு. நான், பின்னே ஷீபா."

வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தன் எழுதியிருந்தான்: அவளுக்கு நம்ம கோயில் எப்படிப் பிடிக்கும். அனு அதைப் படித்தாள். நானும் அவள் தோளுக்கு மேலே படித்தேன். ஷீபாவின் சாவியை அனு பிடுங்கிவிட்டாள். ஒரு பட்டன், அவ்வளவுதான்.

வாசலில் விளக்கு அணைந்ததை யாரும் திரும்ப ஏற்றவில்லை.

கார்த்திகை 18, வியாழன்

பெரிய மழை. கரண்ட் இரண்டு தடவை போனது.

அனு ஷீபாவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில். நான் அடுக்களையில்.

"நான் செய்யல்ல அனு."

"பின்னே யாரு? நீ இல்லாம யாரு?"

"அதை எங்கிட்ட கேக்காதே."

"அப்போ உனக்குத் தெரியும்."

"வைக்கேன். ஆஸ்பத்திரியில அம்மைக்கு மருந்து குடுக்கணும்."

குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். கழுவ ஒரு பாத்திரமும் இல்லை.

கார்த்திகை 19, வெள்ளி

தப்பு எங்கே என்று எனக்கே தெரிய வேண்டும் போல இருந்தது. அனு குளிக்கும்போது நான் எழுதியதைத் திறந்து பார்த்தேன். ஒரே வரி. காலில் ஒன்றும் இல்லை என்று வை. மிஷின் அப்படியே வைத்திருக்கிறது. நான் நினைத்தது, கழற்றினால் வாசலில் எங்காவது கிடக்கும் என்று. ஐம்பது வருஷமாக அப்படித்தானே கிடக்கிறது. திரும்பி வந்தால் மாட்டிக்கொள்கிறோம். அங்கே வாசல் பக்கம் என்று ஒன்றை நான் எழுதவே இல்லை. எழுதாதது அங்கே இல்லை. நாளைக்குச் சொல்லுகேன் என்றாள் ஷீபா. நான் காத்து நிற்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. எழுதக் கூசுகிறது. அனு ஒரு தடவை கூட என்னைச் சந்தேகிக்கவில்லை. அது நிம்மதியாகவும் இருக்கிறது, கோபமாகவும் வருகிறது. சித்திக்கு எங்கே முடியும் என்றுதானே.

சாப்பிடவில்லை. விரதம் என்று சொன்னேன். அதுவும் பொய்.

கார்த்திகை 21, ஞாயிறு. சங்கடஹர சதுர்த்தி

பழவங்காடிக்குப் போனேன். தேங்காய் உடைக்க வரிசை கோட்டை வாசல் வரை. பின்னால் நின்ற அம்மாள் தன் மருமகள் கதையை முழுக்கச் சொல்லித் தீர்த்தாள். வழக்கமாக நானும் இரண்டு சொல்லுவேன். இன்று ம் மட்டும்.

உடைத்தேன். வேண்டிக்கொண்டது இதுதான்: யாருக்கும் தெரியாமல் போகட்டும்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் என்ன வேண்டியிருக்கிறேன் என்று உறைத்தது. ஒரு பிள்ளை பழி சுமக்கட்டும் என்று தேங்காய் உடைத்திருக்கிறேன். திரும்பி உள்ளே போய் வேண்டுதலை மாற்றிச் சொல்லலாமா என்று நினைத்தேன். நடை அடைத்துவிட்டார்கள்.

கார்த்திகை 22, திங்கள்

வெயில். கம்பளியைக் காயப் போட்டேன்.

அனு சாயங்காலம் குரூப்பில் ஒரு அறிவிப்பு போடப் போகிறாளாம். ஆட்கள் சர்வரை விட்டுப் போகிறார்களாம், யார் செய்தது என்று சொன்னால்தான் அடங்குமாம். "சித்தி, எனக்குத் தமிழ் எழுதி நாளாச்சு. தப்பு உண்டான்னு பாருங்க."

ஷீபாவின் பெயர் இரண்டாவது வரியில். நம்பிக்கைத் துரோகம் என்று எழுதியிருந்தாள். ஒற்று எல்லாம் சரி. ஒரு பிழையும் இல்லை.

"நான்தான் அனு."

"என்னது?"

"அதை எழுதுனது நான்தான்."

பார்த்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. "சித்தி, ஷீபாவுக்காக நீங்க பொய் சொல்லாண்டாம். ஒங்களுக்கு அவளைப் பிடிக்கும், எனக்குத் தெரியும்."

"பொய் இல்ல."

"இது பொரியுருண்டை இல்ல சித்தி."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதையும் பார்க்காமல் முதல் வரியிலிருந்து அடித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல். ராகு காலமா என்று கூடப் பார்க்கவில்லை. நடுவில் ஒரு எர்ரர். அடைப்பு. நானே கண்டுபிடித்து மூடினேன். அனு முதலில் நின்றாள், பிறகு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள், பிறகு பேச்சை நிறுத்தினாள். அவளுடைய பொம்மையைக் கோயிலுக்குள் நடத்திக் காட்டினேன். காலில் ஒன்றும் இல்லை.

அனு பொம்மையின் பையைத் திறந்து பார்த்தாள், அங்கேயும் பூட்ஸ் இல்லை.

"அஞ்சு நாளு எங்கூட இருந்து சாப்பிட்டீங்க."

"ஆமா."

"நான் அவளைப் பேசுனதெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா."

அறிவிப்பை அழித்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். தோசை மூடி வைத்தேன், எடுக்கவில்லை. குரூப்பில் என் பெயரை எழுதிப் போடு என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். பத்து நிமிஷத்தில் போட்டுவிட்டாள். என் முழுப் பெயர், சித்தி என்று கூட இல்லை.

கார்த்திகை 23, செவ்வாய்

மேகம், மழை இல்லை. பால்காரன் தாமதம்.

காலையிலிருந்து அனு ஷீபாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எடுக்கவில்லை. நான் என் ஃபோனில் கூப்பிட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தாள். ஸ்பீக்கர் போட்டேன்.

"ஆன்ட்டி, சாப்டாச்சா."

"அம்மைக்கு எப்படி இருக்கு?"

"வீட்டுக்குக் கொண்டு வந்தாச்சு."

"நான்தான் ஷீபா அதைச் செஞ்சது. அனுகிட்ட சொல்லிட்டேன். குரூப்லயும் போட்டாச்சு."

"பாத்தேன்."

"உனக்கு முன்னமே தெரியும்."

"அன்னைக்கே தெரியும். கால்ல இருக்கதை எடுக்க எப்படின்னு எங்கிட்டத்தானே கேட்டீங்க."

"பின்னே ஏன் சொல்லல்ல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒரு நாளு, ரெண்டு நாளு." கட்டில் கிரீச்சிடும் சத்தம். மாமியாரைத் திருப்பிப் படுக்க வைக்கிறாள் போல. "அஞ்சு நாளு ஆன்ட்டி."

ஃபோனை அனு பக்கம் நகர்த்தினேன்.

பக்கத்திலிருந்து அனு, "ஷீபா."

"அவ அங்க இருக்காளா?"

"இருக்கா."

"அவகிட்ட சொல்லுங்க. பூட்ஸ் காரியம் எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு நம்ம கோயில் எப்படிப் பிடிக்கும்னு ஒருத்தன் எழுதினான்லா. அதுக்கு நேரே கீழ அவ எழுதியிருக்கா, பூட்ஸ் போனவங்க லிஸ்ட் தாங்கன்னு. அந்த வரியைத் தாண்டிப் போயி எழுதியிருக்கா."

அனு சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஃபோனை அவள் கையில் வைத்து அடுக்களைக்கு வந்துவிட்டேன். ஷீபா வைக்கவில்லை.

பால் அடுப்பில். இதை எழுதுகிற வரை அங்கே சத்தம் ஒன்றும் இல்லை.