நாற்பத்து மூன்று வரி

பிப்ரவரி 3, செவ்வாய்

இலாரி மறுபடியும் எழுதியிருக்கிறான். மூன்றாவது தடவை. ஓலு நகரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் எழுதிய ஆர்க்கு மென்பொருளைத் திருத்தப் பார்க்கிறான். அதை நிறுவ நாற்பத்து மூன்று வரியில் ஓர் அமைப்புக் கோப்பு எழுத வேண்டியிருக்கிறதாம். மூன்று வரியாக்கித் தருகிறானாம். கீழே ஒரு குறிப்பு வேறு: "ரைலிக்கா, புதுசா வர்றவங்க பாதியிலயே ஓடிடறாங்க."

ஓடட்டும்.

ஜாவா நிரலில் இருப்பதைத் தரவுத்தள அட்டவணைகளில் கொண்டுபோய் வைக்கும், கேட்டபோது எடுத்துத் தரும். ஆர்க்கு பத்தொன்பது வருடமாக இதை ஒழுங்காகச் செய்கிறது. எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? காகித ஆலைக் கிடங்கில் சரக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவள், நாற்பத்து நான்கு வயதில் நூலகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தேன். புரியாத பக்கத்தை ஒன்பது முறை படித்தேன். காப்பி அறையில் பொறியாளர்கள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. அறுபத்தெட்டுப் பக்கத்துக்கு வழிகாட்டி எழுதி வைத்திருக்கிறேன். படிக்கமாட்டேன் என்பவர்களுக்கு ஊட்டியும் விட வேண்டுமா?

மறுத்துவிட்டேன். ஒரே வரியில்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அஹ்தி வந்தான். ரை தானிய மாவில் பொரித்த முயிக்கு மீன் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தான். தன் அண்ணன், என் கணவர் பென்ட்டி இறந்த பிறகு அவன் ஞாயிறு தவறுவதில்லை.

புது மடிக்கணினி வாங்கியிருக்கிறான். பென்ட்டியின் ஏரிக் கணக்கை அதிலிருந்து தொடர வேண்டுமாம். இருபத்து மூன்று குளிர்காலம் பென்ட்டி நாள் தவறாமல் ஏரிப் பனியில் துளை போட்டுத் தடிமன் அளந்தார். தண்ணீரின் வெப்பம், பக்கத்தில் ஒரு குறிப்பு. அதற்கான நிரலை ஆர்க்குவின் மேல் நான்தான் எழுதிக் கொடுத்தேன், தொடக்க வருடங்களில் நோட்டில் இருந்ததையும் அதில் ஏற்றினார். தரவு இருக்கும் பழைய கணினி இப்போது அஹ்தி வீட்டுச் சமையலறை மேசைக்கடியில் உறுமிக்கொண்டிருக்கிறது. அண்ணனுக்குப் பிறகு அளப்பது அவன்தான், ஆனால் நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்.

"நீங்களே ஒருநாள் வந்து போட்டுக் குடுத்துடுங்களேன் அண்ணி."

வழிகாட்டியை அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தான்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். அதுக்கே இவ்வளவு படிக்கல."

படி என்றேன்.

உண்மையை இங்கேயாவது எழுதலாம். நான் போகாததற்குக் காரணம் அந்தக் குறிப்புகள். கடைசிக் குளிர்காலத்தில் அவர் எழுதியவற்றை நான் இன்னும் படிக்கவில்லை. திறந்தால் கண்ணில் படும். படித்துவிட்டால் தீர்ந்துவிடும். அவரிடமிருந்து இனி புதிதாக வரக்கூடியது அது ஒன்றுதான். வைத்திருக்கிறேன். ஒருநாள் படிப்பேன்.

பிப்ரவரி 11, புதன்

மைனஸ் இருபத்து நாலு. அஹ்தி போன் செய்யவில்லை. படிக்கிறான் போல. நல்லது.

பிப்ரவரி 15, ஞாயிறு

போட்டுவிட்டானாம். குரலில் அவ்வளவு பெருமை. நான்கு நாள் ஆனதாம், ஒரு வரி விடவில்லையாம். "எல்லாம் காலியா சுத்தமா வந்துச்சு அண்ணி. என் நோட்டுல இருந்த ரெண்டு குளிர்காலத்தையும் உக்காந்து ஏத்திட்டேன்."

காலியாகவா?

கார் கிளம்பவில்லை. நாளைக் காலை பஸ்ஸில் போகிறேன். காலியாக என்றால் என்ன அர்த்தம்? திரையில் காட்டவில்லை என்று இருக்கும். வேறு தரவுத்தளத்தைத் தொட்டிருப்பான். அப்படித்தான் இருக்கும்.

பிப்ரவரி 16, திங்கள்

போய்விட்டது.

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன். ஆறாம் பக்கத்தில் மாதிரிக் கோப்பு இருக்கிறது. பழைய கணினியின் முகவரியை மட்டும் போட்டு, மற்றதை அப்படியே எழுதியிருக்கிறான், எழுத்துப் பிசகாமல். இருபத்தேழாவது வரி: "அட்டவணை: புதிதாக". முதன்முதலாக நிறுவுகிறவருக்கு அட்டவணையே இருக்காதே, ஆர்க்கு உண்டாக்கித் தர வேண்டுமே என்று மாதிரியில் நான் போட்ட வரி. அதே பெயரில் ஏற்கெனவே அட்டவணை இருந்தால் அழித்துவிட்டு உண்டாக்கும். புது மடிக்கணினியிலிருந்து அவன் தொடங்கி வைத்தான், அது பழைய கணினிக்குப் போய் இருபத்து மூன்று குளிர்காலத்தையும் துடைத்துப் போட்டது. அதன் மேல் இவன் தன் நோட்டை ஏற்றிவிட்டான்.

நான் கத்தினேன். முப்பத்தொன்றாம் பக்கத்துல எச்சரிக்கை போட்டிருக்கேனே, கண்ணு எங்க போச்சு என்று கேட்டேன். அந்தப் பெரிய உடம்பு நாற்காலியில் சுருங்கி உட்கார்ந்திருந்தது.

"நான் ஆறாம் பக்கத்துலதான அண்ணி இருந்தேன்" என்றான்.

காப்பி ஊற்றி வைத்தான். குடிக்காமல் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

பழைய கணினியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த வட்டை ஆறு நாளாகத் தோண்டுகிறேன். கிடைப்பதெல்லாம் அஹ்தியின் எண்கள்.

என்னிடம் ஒரு நகல் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் வரைக்கும். செப்டம்பரில் மருத்துவர் பென்ட்டியைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னார், அதன் பிறகு எனக்கு நகல் எடுக்கத் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் வழிகாட்டியில் இரண்டாம் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்: நகல் எடுக்காதவர் அழத் தகுதியற்றவர். எத்தனை பேர் அந்த வரியைப் படித்துவிட்டு மூடி வைத்திருப்பார்களோ.

ஆக, இருபத்திரண்டு குளிர்காலம் பத்திரம். போனது ஒன்று. அந்த ஒன்று.

அஹ்தி இன்று வரவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

வரவில்லை.

மார்ச் 5, வியாழன்

இலாரிக்குப் போன் செய்தேன். "திட்டப் போறீங்கன்னா சொல்லிடுங்க ரைலிக்கா, உக்காந்துக்கறேன்" என்றான். நடந்ததைச் சொன்னேன்.

"அந்த வரியத்தான நான் ரெண்டாவது தடவை..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். நல்ல பிள்ளை. நானே முடித்தேன்: ஆமாம், நாலு வருஷத்துக்கு முன்னால நீ மாத்தி அனுப்பினே, நான் மறுத்தேன்.

உன் மூன்று வரியை அனுப்பு என்றேன். அனுப்பமாட்டானாம். முதலில் ஒரு ஆளைக் கணினி முன்னால் உட்கார வைத்து, பழைய வழிகாட்டியைக் கொடுத்து, பின்னால் இருந்து பார்க்க வேண்டுமாம். எங்கே நிற்கிறான், எங்கே திரும்பிப் போகிறான் என்று மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். "நீங்க வாயே தெறக்கக்கூடாது. உங்களால முடியுமா?"

முடியும் என்றேன். ஆளுக்கு எங்கே போவது? எனக்குத் தெரிந்த ஆள் ஒருவன்தான்.

மார்ச் 14, சனி

நானே ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் அஹ்தி தொப்பியைக் கழற்றினான், ஏதோ சர்ச்சுக்குள் நுழைகிறவன் போல. அவன் வீட்டு வாசலிலேயே.

காலியான ஒரு தரவுத்தளத்தைக் கொடுத்து, பக்கம் ஒன்றிலிருந்து தொடங்கு என்றேன். பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு மணி நாற்பது நிமிடம். பத்தொன்பது இடத்தில் நின்றான். ஒவ்வொரு முறையும் திரும்பாமலே மன்னிப்புக் கேட்டான். "இது எனக்குப் புரியல அண்ணி, தப்பு என்மேலதான்." பயனர் பெயர் என்று நான் எழுதிய இடத்தில் தன் பெயரைப் போட்டுவிட்டு ஏன் திறக்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தான். அது தரவுத்தளத்தின் பயனர் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. பத்தொன்பது வருடத்தில் சொல்லவில்லை.

இருபத்தேழாவது வரிக்கு வந்தான். விரல் நின்றது. முப்பத்தொன்றாம் பக்கத்தைத் தேடி எடுத்து, உதடு அசையப் படித்தான். மறுபடி படித்தான். அவனால் அந்த வரியை எழுத முடியவில்லை.

நான் பேசக்கூடாது. பேசவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

இலாரியோடு சண்டை. அட்டவணை இருந்தால் தொடாதே, அவ்வளவுதான், கேள்வியே வேண்டாம் என்கிறான் அவன். கேட்க வேண்டும் என்கிறேன் நான். அட்டவணையில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். "கேள்வி கேட்டா எரிச்சலாவாங்க ரைலிக்கா." ஆகட்டும். எண்ணிக்கை தெரிந்தால்தான் கை நிற்கும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

மூன்று வரிக்கு ஒப்புக்கொண்டேன். வழிகாட்டியின் இரண்டாம் பக்கத்து வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அஹ்தி வந்தான். முயிக்கு மீன் இல்லை, ஏரிப் பனி நடக்கத் தாங்காதாம். வெறுங்கையோடு வந்ததற்கும் மன்னிப்பு.

மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: பழைய கணினி அவன் வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் தெரியாமல் ஒரு பக்கம் திறந்துகொண்டதாம், கடைசிக் குளிர்காலத்துக் குறிப்பு ஒன்றைப் படித்துவிட்டானாம். ஒன்றே ஒன்று. மற்றதைப் படிக்காமல் மூடிவிட்டானாம். இவ்வளவு நாள் சொல்ல வாய் வரவில்லையாம்.

என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன்.

"துளையை ரைலி போட்டாள். கோணல். அளவு சரி."

எனக்குக் கோபம்தான் வந்தது முதலில். கோணலா? அந்தத் துளைக்கருவியின் முனை மழுங்கியிருந்தது. மாற்றச் சொல்லி எத்தனை முறை சொன்னேன் இந்த மனுஷனிடம் —

அஹ்தி சிரித்தான். பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவையாக. பிறகு நான் உள்ளே போய்விட்டேன். அவனே காப்பி போட்டுக் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

மே 1, வெள்ளி

வப்பு, மே தினத் திருவிழா. தெருவெல்லாம் பள்ளி முடித்தவர்களின் வெள்ளைத் தொப்பி. இலாரி வாழ்த்து அனுப்பியிருக்கிறான், கூடவே புதிய பதிப்பு. ஆசிரியர் பட்டியலில் என் பெயருக்குக் கீழே தன் பெயரைப் போட்டிருக்கிறான். அதை என் பெயருக்கு மேலே மாற்றினேன். அவன் திரும்ப மாற்றினான். நான் மறுபடி மேலே மாற்றி, பூட்டிவிட்டேன்.

மே 4, திங்கள்

இன்று காலை பனி உடைந்து ஏரி திறந்தது. அஹ்தியின் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன், நடுவில் கறுப்பாகத் தண்ணீர்.

புதிய ஆர்க்குவை அவனே நிறுவினான். ஆறு நிமிடம். நான் ஸ்டூலில் இருந்தேன். பென்ட்டியின் கடைசிக் குளிர்காலத்துக்கென்று தனியாக ஓர் அட்டவணை உண்டாக்கச் சொன்னேன். அந்த ஒரு குறிப்பை எழுதினான். தேதி இல்லாமல் ஆர்க்கு ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தக் கண்டிப்பும் நான் வைத்ததுதான். அஹ்திக்குத் தேதி நினைவில்லை.

எனக்குத் தெரியும். நான் துளை போட்டது ஒரே ஒரு நாள், அவருக்குக் கை ஓயத் தொடங்கிய வாரம். பழைய நாட்குறிப்பைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். 2024 பிப்ரவரி 11, ஞாயிறு: "துளை போட்டேன். தோள் வலி." அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதவில்லை. அவர்தான் எழுதிவிடுவாரே என்று விட்டிருப்பேன்.

அளவு சரி என்கிறது குறிப்பு. தடிமன் என்ற கட்டத்தைக் காலியாக விடச் சொன்னேன்.

மூடிவிட்டு இன்னொரு முறை தொடங்கச் சொன்னேன், சோதிக்க. திரையில் வந்தது: "இந்த அட்டவணையில் 1 வரி இருக்கிறது. அப்படியே வைத்திருக்கவா?"

அஹ்தி கையை எடுத்துக்கொண்டான். "நீங்க அழுத்துங்க அண்ணி."

அழுத்தினேன்.