முழுகின நாள்

9-3-1966, புதன்

இருபத்திரண்டு கேள்வி. அதில் எட்டுக்கு எனக்கே விடை தெரியாது. இதைத்தான் வீடு வீடாகப் போய்க் கேட்கப் போகிறேன்.

கொழும்பில் உள்ள ஏதோ ஒரு கந்தோரின் கணக்கெடுப்பு. பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயது வரையுள்ள மணமான பெண்களுக்குப் பிள்ளைப்பேறு பற்றி என்ன தெரியும், அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று எழுதி அனுப்ப வேண்டும். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிய, சைக்கிள் ஓடத் தெரிந்த பெண் தேவை என்றார்கள். நெடுங்கேணியிலிருந்து இந்தக் குடியேற்றத் திட்டம் வரை தேடியதில் நான் ஒருத்திதான் அகப்பட்டேன். இருபத்துநான்கு வயதில் கலியாணம் ஆகாமல் இருப்பதற்கும் ஒரு உத்தியோகம் கிடைக்கிறது!

மேற்பார்வையாளர் தில்லைநாதன் வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்து படிவத்தை விளக்கினார். விளக்கினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கூரையைப் பார்த்தபடி வாசித்தார். பத்தாம் கேள்வியோடு நிறுத்திவிட்டார். "மிச்சத்தை நீங்களே வாசிச்சு விளங்கிக்கொள்ளுங்கோ, இராசமலர். ஒண்டு மட்டும் கவனம். கேளுங்கோ, எழுதுங்கோ. விடை சொல்லிக் குடுக்கக் கூடாது."

தெரிந்தால்தானே சொல்லிக் கொடுக்க.

அம்மா என்ன பேப்பர் என்று கேட்டார். சனத்தொகைக் கணக்கு என்றேன். முழுப் பொய்யும் இல்லை.

11-3-1966

முதலாம் வாய்க்கால் கரையில் ஐந்து வீடு முடித்தேன். ஆறாம் கேள்வி: "குடும்பக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கிறீர்களா?" ஐந்து பேரும் யோசிக்காமல் "ஓம்" என்றார்கள். எனக்குப் பெரிய ஆச்சரியம். எங்கள் ஊர் இவ்வளவு முன்னேறிவிட்டதா?

ஐந்தாவது வீட்டுப் பெண் விளக்கமும் தந்தாள். "எங்கட குடும்பத்தில மாமிதான் கட்டுப்பாடு. அவாவைக் கேளாமல் ஒரு கரண்டி சீனி எடுக்கேலாது." உள்ளேயிருந்து மாமியார் பெருமையாகச் செருமினார்.

மற்ற நாலு பேரும் எந்தக் கட்டுப்பாட்டைச் சொன்னார்களோ! "ஓம்" என்று எழுதுவதா, "இல்லை" என்று எழுதுவதா? பென்சிலால் "ஓம்" என்று எழுதி வைத்திருக்கிறேன். ஓம் சொன்னால் ஓம்தானே. இல்லையோ?

14-3-1966

இந்த வருஷத்திலிருந்து ஞாயிறு வேலைநாள், நிலாக் கணக்கில் வரும் போயாவுக்குத்தான் லீவு. திங்கள்தானே என்று தபாற்கந்தோருக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். நாள் எண்ணுவதே பெரிய தொல்லையாகிவிட்டது.

20-3-1966

மூன்றாம் வாய்க்கால், கமலாசனி வீடு. வயது இருபத்திரண்டு, பிள்ளைகள் மூன்று. சாவகச்சேரிப் பக்கமிருந்து இங்கே காணி கிடைத்து வந்தவர்கள். போன புரட்டாதியில் கடைசிப் பிள்ளை பிறந்தபோது இரத்தம் நிற்கவில்லையாம். இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாளாம். இன்னொன்று வந்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டொக்டர் சொல்லித்தான் வீட்டுக்கு விட்டிருக்கிறார்.

இதையெல்லாம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். புருஷன் எப்படி என்று கேட்டேன். "நல்ல மனுசன் அக்கா. அதுதான் கரைச்சல்" என்றாள். இந்தத் தொல்லைக்குச் சிரிப்பதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

பதினான்காம் கேள்வியை வாசித்தேன்: "மாதத்தின் எந்த நாட்களில் கரு உண்டாகும் வாய்ப்பு அதிகம்?" எல்லோரும் "கடவுள் குடுக்கிற நாளில" என்பார்கள், நானும் "தெரியாது" என்று எழுதுவேன். கமலாசனி சுளகைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்பிடி நாள் இருக்கோ? எந்த நாள் அக்கா?"

"அதை நான் சொல்லக் கூடாது."

"சொல்லக் கூடாதோ, தெரியாதோ?"

21-3-1966

தெரியாது.

எனக்கு என்னதான் தெரியும்? நான் பெரியபிள்ளையானபோது மூலையில் இருத்தி நல்லெண்ணெயும் முட்டையும் தந்தார்கள். "இனிப் பொடியளோடை விளையாடாதை" என்றார் அம்மா. அதோடு பாடம் முடிந்தது. பள்ளிக்கூடத்தில் தவளையின் வயிறு வரை படிப்பித்தார்கள். இந்த அறிவோடு ஊருக்குக் கேள்வி கேட்கப் புறப்பட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

26-3-1966

எங்கள் பகுதி மருத்துவிச்சி அன்னபாக்கியம் மிசியைப் பிடித்துக் கேட்டேன். கமலாசனியின் கதை அவவுக்கும் தெரிந்திருந்தது. வவுனியாவில் பிள்ளை தங்காமல் லூப் வைக்கலாம் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாவாம். உடம்புக்குள் ஒன்றும் வைக்க வேண்டாம் என்று புருஷன் பயப்படுகிறானாம்.

"அப்ப நாள் எண்ணித்தான் இருக்க வேணும். முழுக்க நம்பேலாது. ஒண்டுமில்லாததுக்கு அது பரவாயில்லை." சின்னப் புத்தகம் ஒன்றைப் பார்த்து வாசித்தா: பத்தாம் நாளிலிருந்து பதினெட்டாம் நாள் வரை விலகி இருக்க வேண்டும். ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதிக்கொண்டேன்.

அதற்குள் யாருக்கோ பிள்ளை நோக்காடு என்று ஆள் வந்துவிட்டது. மிசி பையைத் தூக்கிக்கொண்டு, "எண்ணுறது தெரியும்தானே?" என்று கேட்டா.

"ஓம்" என்றேன்.

29-3-1966

விதியை மீறிவிட்டேன். கடுதாசியைக் கமலாசனியிடம் கொடுத்தேன்.

அவள் முருகன் படம் போட்ட கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்தாள். இன்றைக்குத்தான் வீட்டுக்கு விலக்கு. வருகிற சனிக்கிழமை, ஐந்தாம் நாள், தலை முழுகுவாள். "முழுகின நாள் ஒண்டு, அடுத்த நாள் ரெண்டு…" என்று இருவரும் விரல் மடித்து எண்ணினோம். பத்துக்கு ஒரு கரிப்புள்ளி. பதினெட்டுக்கு ஒன்று. அவள் புருஷன் யோகநாதன் வாசலில் மண்வெட்டிப் பிடியைச் சீவிக்கொண்டிருந்தார். சீவ வேண்டிய அளவுக்கு மேல் சீவிவிட்டார். காதெல்லாம் எங்கள் பக்கம்.

வரும்போது சைக்கிளில் பாட்டு வந்தது. முதல் முறையாக யாருக்கோ ஒரு விடை சொல்லியிருக்கிறேன்.

17-4-1966

கமலாசனி சித்திரை வருஷத்துக்குச் செய்த அரியதரப் பலகாரம் தந்தாள். கலண்டரில் புள்ளிகள் ஒழுங்காக இருக்கின்றன.

25-5-1966

கடைசி வீடுகள். சந்தியில் கடை வைத்திருக்கும் மஹ்றூபின் மனைவி ஸுஹறா தேத்தண்ணி தந்து நன்றாகக் கதைத்தா. பதினான்காம் கேள்வி வந்ததும் அவவும் விடை கேட்டா. எனக்குத்தான் இப்போது விதி ஒரு பொருட்டில்லையே. பெருமையாகச் சொன்னேன்.

"பத்து எண்டா எங்க இருந்து பத்து?"

"முழுகின நாளிலிருந்து."

ஸுஹறா விரல் மடித்து எண்ணிப் பார்த்தா. "உங்கட ஆக்கள் அஞ்சாம் நாள் முழுகுவாங்க. நான் சுத்தமாகிக் குளிக்க ஏழு நாளாகும், சில மாசம் எட்டு. முழுகின நாளை வச்சு எண்ணினா ஒரே கடுதாசி ரெண்டு பேருக்கும் எப்பிடிச் சரி வரும், புள்ள?"

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு மிசி வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன்.

"இரத்தம் கண்ட நாள்தான் ஒண்டு" என்றா மிசி. "வேறை என்னெண்டு எண்ணுறது?" சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தா. அவ முகமும் மாறிவிட்டது. "நீர் தெரியும் எண்டல்லோ சொன்னீர்?"

நாலு நாள் பிழை. நாங்கள் பத்து என்று புள்ளி போட்டது உண்மையில் பதினான்காம் நாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, இந்த நாலு நாளையும் பயமில்லாத நாள் என்று நானே எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

26-5-1966

விடியக் காலையே போனேன். குசினியில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்க முன்னம் அவளே சொன்னாள்.

"அக்கா, நான் முழுகாமல் இருக்கிறன்."

எங்கள் ஊரில் பிள்ளை தங்கியதை இப்படித்தான் சொல்வார்கள். பிறந்ததிலிருந்து ஆயிரம் தரம் கேட்ட சொல். இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

பிழையைச் சொல்லப் போனவள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

27-5-1966

என்ரை பிழை. என்ரை பிழைதான். ஏன் ஓம் எண்டனான்? தெரியாது எண்டு ஒரு சொல்லுச் சொல்ல எனக்கு என்ன வந்தது? ஊரெல்லாம் தெரியாது எண்டு சொல்லேக்கை சிரிச்சுச் சிரிச்சு எழுதினனானே — அவளுக்கு ஏதும் நடந்தால்? மூண்டு பிள்ளையள் — ஐயோ. நான் சொல்லாமலே விட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்குமோ? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஆரிட்டைக் கேக்கிறது இதை?

2-6-1966

இருவரையும் இருத்தி வைத்துச் சொன்னேன். ஐந்தாம் நாள், முதலாம் நாள், நாலு நாள் பிழை, மிசிக்கு நான் பொய்யாகச் சொன்ன ஓம் என்று எல்லாம். யோகநாதன் நிலத்தைப் பார்த்தபடி, "நானும் உங்களோடை சேர்ந்துதான் எண்ணினனான்" என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

கமலாசனி கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இண்டைக்குப் போங்கோ அக்கா" என்றாள்.

போனேன்.

10-6-1966

தில்லைநாதனுக்கு எழுதிவிட்டேன். விதியை மீறியதையும் எழுதினேன். ஆறாம் கேள்விக்கு வந்த "ஓம்" எல்லாம் மாமியாரின் கட்டுப்பாடு, பதினான்காம் கேள்வியில் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று நீங்களும் போடவில்லை, நானும் கேட்கவில்லை, எல்லாவற்றையும் திரும்பக் கேட்க வேண்டும் என்றும் எழுதினேன்.

மிச்சமிருந்த ஒரு படிவத்தில் என் பெயரைப் போட்டு நிரப்பிப் பார்த்தேன். பதினான்கு: தெரியாது என்று சொல்லத் தெரியாது.

19-6-1966

தில்லைநாதன் நேரில் வந்தார். வேலை இந்த மாதத்தோடு சரி என்று கூரையைப் பார்த்துச் சொன்னார். எழும்பிப் போனவர் வேலிப் படலையடியில் நின்றார். "எனக்கு நாலு பிள்ளையள். நானும் இவ்வளவு நாளும் முழுகின நாளிலையிருந்துதான் எண்டு…" உங்கள் கடிதத்தைக் கொழும்புக்கு அனுப்புவேன் என்றார். அனுப்புவாரோ என்னவோ.

23-6-1966

மிசி வந்து சொன்னா: கமலாசனி கிளினிக்குக்கு வர மாட்டேன் என்கிறாளாம். போய் என்ன, நடக்கிறது நடக்கட்டும் என்றாளாம்.

நான் போய் அவள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன். வெயில் ஏறும்வரை நின்றேன். கடைசியில் சீலை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. ஆனால் கரியரில் ஏறி இருந்தாள்.

15-8-1966

மாதம் தவறாமல் போகிறோம். இன்றைக்குத்தான் வாய் திறந்தாள். "பள்ளம் பாத்து ஓடுங்கோ அக்கா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சைக்கிளைப் பள்ளத்தில் விழுத்தப் பார்த்தேன்.

22-12-1966

கமலாசனியை வவுனியா ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இந்த முறை நாளுக்கு முன்னமே போய் இருக்க வேண்டும் என்று மிசியின் உத்தரவு. ஏறும்போது மூத்தவளை என்னிடம் தந்து, "இவளுக்குப் பேன் பாருங்கோ" என்றாள். அதில் என்ன அர்த்தம் என்று இரவு வரை யோசித்தேன். பேன் பார்க்கச் சொன்னாள், அவ்வளவுதானோ?

1-1-1967

செய்தி இல்லை.

4-1-1967

செய்தி இல்லை. மூத்தவளின் தலையில் இனி ஒரு பேன்கூட இல்லை.

6-1-1967

பஸ்ஸால் இறங்கி யோகநாதன் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. கதிரையில் இருக்கவும் மாட்டாராம். தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னார்: பெண் பிள்ளை. இரத்தம் போனதாம், மூன்று போத்தல் ஏற்றினார்களாம். "கண் முழிச்சு என்னோடை சண்டை பிடிச்சவா. அப்பதான் எனக்குச் சீவன் வந்தது." இனிப் பிள்ளை வராமல் ஒப்பரேசனும் செய்துவிட்டார்களாம். உடம்பில் கை வைக்கப் பயந்த மனுஷன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

அம்மா குசினிக்குள்ளிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். யோகநாதன் போன பிறகு என்னிடம், "எந்த நாளிலையிருந்து எண்ண வேணுமாம்?" என்று கேட்டார். அம்மாவுக்கு ஐம்பத்தொரு வயது. இனி எதற்கு என்று நான் கேட்கவில்லை. சொன்னேன்.

12-3-1967

கொழும்பிலிருந்து ஒரு கட்டு வந்தது. தில்லைநாதன் அனுப்பித்தான் இருக்கிறார். புதுப் படிவம். ஆறாம் கேள்வியை நாலு வரியாக விரித்திருக்கிறார்கள். பதினான்குக்குக் கீழே ஒரு வரி புதிதாக: "எந்த நாளை முதல் நாளாக எண்ணுகிறீர்கள்?" கீழே, கேட்டு முடிந்த பின் சரியான விடையைச் சொல்லலாம் என்றும் இருக்கிறது. என்னையே மறுபடி கேட்கச் சொல்கிறார்கள். ஏன் என்னை? விளங்கவில்லை.

முதல் வீடாகக் கமலாசனி வீட்டுக்குப் போனேன். கேள்வி அவளுக்கல்ல. அவளைப் பராமரிக்க வந்திருக்கும் தங்கை இலட்சுமிக்கு வயது பத்தொன்பது, போன தையில் கலியாணம். கமலாசனி மூலையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முகம் இன்னும் வெளிறித்தான் இருக்கிறது.

கேட்டு எழுதி முடித்த பின் விடையைச் சொன்னேன். இலட்சுமி வெட்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஓம், ஓம், விளங்குது" என்று தலையாட்டினாள்.

"ஓம் எண்டு சொல்லாதை" என்றாள் கமலாசனி. "விளங்காட்டில் கேள். இந்த அக்காவும் நானும் ஓம் எண்டு சொல்லித்தான் இவள் பிறந்தவள்."

கைக்குழந்தை பாலை விட்டுவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தது.

இலட்சுமி தலையை நிமிர்த்தினாள்.

"எனக்கு விளங்கேல்லை அக்கா. திருப்பி முதலிலையிருந்து சொல்லுங்கோ."

கலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன்.